ஆயிரம் மைல் பாராமோட்டார் பந்தயம்: புறப்படும் முன் பழக வேண்டிய 40 குறிப்புகள்

முதுகில் ஒரு எஞ்சின், தலைக்கு மேலே துணி இறக்கை, ஓடி ஏற இரண்டு கால்கள். பாராமோட்டார் என்பது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாகக் கடக்கும் நெடுந்தூரப் பந்தயங்களும் நடக்கின்றன. 'தி அட்வென்ச்சரிஸ்ட்ஸ்' என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2015ல் அமெரிக்காவில் தொடங்கிய 'இகாரஸ் டிராஃபி' அவற்றில் பேர்பெற்றது. முதல் பந்தயம் மான்டானா மாநிலத்தின் போல்சன் ஊரில் கிளம்பி நெவாடா வரை, ஏறக்குறைய 1,000 மைல், அதாவது 1,600 கிலோமீட்டர். உதவிக் குழுவோடு பறப்பவர்களுக்கு ஒரு பிரிவு. எல்லாவற்றையும் தாமே சுமந்து தாமே சமாளிப்பவர்களுக்கு இன்னொரு பிரிவு.

மணிக்கு 50 கிலோமீட்டர் போகும் இறக்கைக்கு 1,600 கிலோமீட்டர் என்பது 32 மணி நேரப் பறப்பு. ஆனால் பறக்கத் தோதான நேரம் ஒரு நாளைக்கு ஐந்தாறு மணிதான் கிடைக்கும். பாராமோட்டார் பறப்பாளர் சாஷா டென்ச் 2016ல் அன்னப்பறவைகளின் வலசைப் பாதையைத் தொடர்ந்து ரஷ்ய ஆர்க்டிக்கிலிருந்து பிரிட்டன் வரை 7,000 கிலோமீட்டர் பறந்தபோது ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. மிச்ச நேரமெல்லாம் காத்திருப்பு, பழுது, எரிபொருள் தேடல், தூக்கம். தரைவேலை கைவந்தவரே இந்தப் பந்தயத்தில் ஊர் போய்ச் சேருகிறார். கீழே உள்ள குறிப்புகளில் பாதிக்குமேல் தரையைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஏறவும் இறங்கவும்

1. முறையான ஆசிரியரிடம் கற்றுக்கொண்டே தொடங்குங்கள். அமெரிக்காவின் 'பார்ட் 103' விதி ஒற்றையாள் பாராமோட்டாருக்கு லைசென்ஸ் கேட்பதில்லை. சட்டம் கேட்காததைக் காற்று கேட்கும். அமெரிக்காவின் பாராமோட்டார் சங்கமான யுஎஸ்பிபிஏ வகுத்த பிபிஜி 1, 2, 3 என்ற படிநிலைகளை வரிசையாகத் தாண்டி வாருங்கள். ஜெஃப் கோயின் எழுதிய 'பவர்டு பாராகிளைடிங் பைபிள்' புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2. எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, ஹார்னஸை மட்டும் மாட்டிக்கொண்டு, இறக்கையைத் தலைக்கு மேல் நிறுத்திப் பழகுங்கள். மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் சீரான காற்று போதும். இறக்கை இடப்பக்கம் சரிந்தால் நீங்களும் இடப்பக்கம் நகர்ந்து அதன் அடியில் வாருங்கள். கூடவே வலது பிரேக்கை, அதாவது இறக்கையின் வலது பின்விளிம்பை இழுக்கும் கயிற்றை, மெல்ல இழுங்கள். பழகப் பழக அண்ணாந்து பார்க்காமலே இடுப்பில் விழும் இழுவையை வைத்துச் சரிசெய்ய வரும். இது வந்துவிட்டால் மற்ற எல்லாமே எளிது.

3. காற்றே இல்லாத காலையில் முழுச்சுமையோடு ஓடி ஏறிப் பாருங்கள். எஞ்சின், 15 லிட்டர் பெட்ரோல், கூடாரம், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 40 கிலோவைத் தாண்டும். இறக்கையை வில் போல விரித்து, நடுப்பகுதி உங்களுக்கு நேர் பின்னால் இருக்கும்படி வையுங்கள். தயங்காமல் ஓடத் தொடங்குங்கள். இறக்கை தலைக்கு மேல் வந்து நேராக நின்றது என்று பார்த்த பிறகே திராட்டிலை முழுதாக அழுத்துங்கள். கால் தரையைவிட்டு எழும்பினாலும் இன்னும் நாலைந்து எட்டு ஓடுவது போலவே இருங்கள். எழும்பியவுடன் உட்காரப் பார்ப்பவர் மண்ணில்தான் உட்காருகிறார்.

4. இறக்கை கோணலாக வந்தால் திராட்டிலை விட்டு நின்றுவிடுங்கள். 'ஓடிக்கொண்டே சரிசெய்துவிடலாம்' என்ற நப்பாசையில்தான் புரொப்பெல்லர்கள் உடைகின்றன. ஏற்றத்தைக் கைவிடுவதையும் ஒரு தனிப் பயிற்சியாகவே செய்து பாருங்கள்.

5. உயரமான நிலத்தில் ஓட்டம் நீளும் என்பதை நினைவில் வையுங்கள். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. எஞ்சினின் பலமும் குறையும், இறக்கை தூக்குவதற்கு வேண்டிய வேகமும் கூடும். வெயில் ஏறிய மதியத்தில் இன்னும் மோசம். மேற்கு அமெரிக்காவின் பீடபூமிகளில் பறக்கப் போகிறவர் அப்படி ஒரு இடத்திலேயே சில வாரம் பழகிவிடுவது நல்லது.

6. ஏறியவுடன் முழு வேகத்தில் செங்குத்தாக மேலே போகாதீர்கள். எஞ்சின் சுழலும் விசை உங்களை ஒரு பக்கம் திருக்கும். அப்போது பிரேக்கையும் ஆழமாகப் பிடித்திருந்தால் இறக்கை நின்றுபோய் விழ வாய்ப்புண்டு. மிதமான வேகம், லேசான கை, நேரான பாதை: இந்த மூன்றும் போதும்.

7. எஞ்சினை நிறுத்தி இறங்கிப் பழகுங்கள். 150 மீட்டர் உயரத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, தரையில் விரித்த ஒரு போர்வைக்குப் பத்து மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நடுவானில் நின்றுபோனால் பதற்றம் வராமலிருக்க இதைவிட நல்ல மருந்து இல்லை. தடுக்கி விழுந்தாலும் சுற்றாத புரொப்பெல்லர் தப்பித்துவிடும்.

8. 'ரிஃப்ளெக்ஸ்' வகை வேக இறக்கைகளில் டிரிம்மரை, அதாவது இறக்கையின் கோணத்தை மாற்றும் பட்டையை, தளர்த்திவிட்டால் வேகம் கூடும், இறக்கையும் கெட்டியாக நிற்கும். அந்த நிலையில் வழக்கமான பிரேக்கை இழுத்தால் அதே இறக்கை மடங்கக்கூடும். முனைகளை மட்டும் திருப்பும் தனிக் கைப்பிடியால் திரும்புங்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் இந்தப் பகுதியை வரி விடாமல் படியுங்கள்.

9. இறக்கை மடங்கும்போது என்ன செய்வது என்பதை நீர்நிலைக்கு மேல், மீட்புப் படகோடு நடத்தப்படும் 'எஸ்ஐவி' பயிற்சி முகாமில் கற்றுக்கொள்ளுங்கள். அவசர பாராசூட்டின் கைப்பிடியை ஒவ்வொரு பறப்பிலும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கை தானாக அங்கே போக வேண்டும். அதை எறிவதற்கு முன் எஞ்சினை அணைப்பது முக்கியம். இல்லாவிட்டால் அதன் கயிறுகள் புரொப்பெல்லரில் சிக்கிக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறையாவது அதைப் பிரித்து, காற்றாட விட்டு, மறுபடி மடித்து வையுங்கள்.

10. உடம்பைத் தயார் செய்யுங்கள். சுமையோடு உட்கார்ந்து எழுதல், படியேறுதல், மணலில் ஓட்டம் மூன்றும் நேரடியாகப் பயன் தரும். கணுக்காலுக்குத் தனிக் கவனம் கொடுங்கள். இறங்கும்போது முதலில் அடிபடுவது அதுதான். ஸ்பெயினின் ரமோன் மொரில்லாஸ் 2007ல் ஹெரெஸ் நகரிலிருந்து கனேரித் தீவுகளில் உள்ள லான்சரோட்டே வரை 1,105 கிலோமீட்டர் தரையிறங்காமல் பறந்தார். அவ்வளவு நேரம் ஹார்னஸில் உட்கார இடுப்பும் முதுகும் இடங்கொடுக்க வேண்டும்.

எஞ்சினும் எரிபொருளும்

11. எஞ்சினைக் கிளப்பும் நிமிடத்தை மிகுந்த மரியாதையோடு நடத்துங்கள். பாராமோட்டாரில் படுகாயங்கள் பெரும்பாலும் வானத்தில் நேர்வதில்லை. தரையில், சுற்றும் புரொப்பெல்லர் கையில் படுவதால் நேர்கின்றன. கயிற்றை இழுக்கும் முன், திராட்டிலை அழுத்தி விட்டுப் பாருங்கள்: கேபிள் தங்காமல் திரும்பி வருகிறதா? அணைக்கும் பொத்தான் வேலை செய்கிறதா? பின்னால் யாராவது நிற்கிறார்களா? எஞ்சின் எதிர்பாராமல் முழு வேகத்தில் கிளம்பினால் 60 கிலோவுக்கு மேற்பட்ட விசை உங்கள்மேல் பாயும். அதைத் தாங்கும்படி உடம்பை ஊன்றி நின்றுகொண்டே கிளப்புங்கள்.

12. ஓடும் எஞ்சினில் எதையும் சரிசெய்யாதீர்கள். 'ஒரு திருகு மட்டும்' என்றாலும் அணைத்துவிட்டே கையை நீட்டுங்கள்.

13. எஞ்சினை வீட்டு முற்றத்தில் முழுதாகக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். ஸ்பார்க் பிளக் மாற்றுவது, கார்புரேட்டரின் மெல்லிய சவ்வை மாற்றுவது, அறுந்த ஸ்டார்ட்டர் கயிற்றைப் புதிதாகக் கோப்பது, பெல்ட்டை இறுக்குவது, சைலன்சர் ஸ்பிரிங்கை மாட்டுவது: இந்த ஐந்தும் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். நிறைய பேருடைய பந்தயம் இதில் ஏதாவது ஒன்றில்தான் நின்றுபோகிறது.

14. பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 50:1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. 40:1 என்றால் 250 மில்லி. உங்கள் எஞ்சினுக்கு எது என்பதைக் கையேடு சொல்லும். ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்று வைத்திருந்தால் அளவு தவறாது. அமெரிக்க பங்க்குகள் காலனில் ஊற்றும். ஒரு காலன் 3.8 லிட்டர் என்பதை மறக்க வேண்டாம்.

15. கலந்த டப்பாவின் மேல் 'கலந்தது' என்று மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றினால் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் சில நிமிடங்களில் இறுகிப்போகும். அசதியில் இருக்கும் மாலையில்தான் இந்தக் குழப்பம் வரும்.

16. அமெரிக்க பங்க்குகளில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். கிடைத்தால் எத்தனால் இல்லாததையும், இல்லையென்றால் உயர்தர 'பிரீமியம்' வகையையும் வாங்குங்கள். சிறு விமான நிலையங்களில் கிடைக்கும் '100 எல்எல்' விமானப் பெட்ரோலில் எத்தனால் இல்லை. ஆனால் ஈயம் உண்டு. அதனால் பிளக்கை அடிக்கடி கழற்றிப் பாருங்கள். எத்தனால் பெட்ரோலை இரவு முழுதும் டேங்கில் தேக்கி வைக்காமல் இருப்பது நல்லது.

17. எந்த பங்க்கில் வாங்கினாலும் வடிகட்டி உள்ள புனல் வழியாகவே டேங்கில் ஊற்றுங்கள். கடுகளவு தூசி கார்புரேட்டரை அடைத்துவிடப் போதும்.

18. முக்கியமான போல்ட்டுகளை இறுக்கியபின், போல்ட்டின் மேலும் பக்கத்து உலோகத்தின் மேலும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அதிர்வில் போல்ட் தளர்ந்தால் கோடு விலகி நிற்கும். தினமும் காலையில் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். சிவப்பு நிறம் நன்றாகத் தெரியும்.

19. பையில் இருக்க வேண்டியவை: இரண்டு பிளக், கார்புரேட்டர் சவ்வு ஒரு செட், ஸ்டார்ட்டர் கயிறு, பெட்ரோல் டியூப் அரை மீட்டர், கேபிள் டை இருபது, சைலன்சர் ஸ்பிரிங் இரண்டு, மெல்லிய இரும்புக் கம்பி, துணி டேப், எஞ்சினுக்குப் பொருந்தும் அலன்கீ, ஸ்பானர். எடை ஒன்றரை கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

20. புரொப்பெல்லரின் விளிம்பில் சிறு வெட்டு விழுந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, டேப் ஒட்டிச் சமாளிக்கலாம். எதிர்ப்பக்க முனையிலும் அதே அளவு டேப் ஒட்டினால்தான் சமநிலை கெடாது. கிளப்பியபின் அதிர்வு கூடுதலாகத் தெரிந்தால் பறக்காதீர்கள். வெடிப்பு விட்ட புரொப்பெல்லரை ஒட்டிப் பறப்பது கூடவே கூடாது.

இறக்கையைப் பேண

21. பனியில் நனைந்த இறக்கை கனக்கும்; சரியாக எழும்பாது; மெதுவாகப் பறக்கையில் திடீரென்று முன்னோக்கிய வேகத்தை இழந்து இறங்கவும் கூடும். அதிகாலையில் ஏற வேண்டுமானால் முந்தின இரவு பைக்குள்ளேயே வைத்திருந்து, கடைசி நிமிடத்தில் விரியுங்கள். நனைந்துவிட்டால் நிழலில் காய வையுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் நைலான் துணியை நைந்துபோகச் செய்யும்.

22. அழுக்கானால் வெறும் தண்ணீரும் மெத்தென்ற ஸ்பாஞ்சும் போதும். சோப்புத்தூள், சலவை இயந்திரம், தேய்க்கும் பிரஷ் எதுவும் வேண்டாம். பாலைவனத்தில் இறங்கினால் முன்விளிம்பு அறைகளுக்குள் மணல் போய்விடும். இறக்கையின் பின்விளிம்பைப் பிடித்துத் தூக்கி, முன்வாய் கீழே பார்க்கும்படி உதறினால் கொட்டிவிடும்.

23. கையளவுக்குக் குறைந்த கிழிசலுக்கு, இறக்கைத் துணிக்கென்றே விற்கும் ஒட்டு நாடாவை இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டினால் உரியாது. நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு ஒட்டுப்போடாதீர்கள், நீளம் மாறிவிடும். சரியான நீளத்தில் தைத்த மாற்று நூல்களைக் கையில் வைத்திருங்கள்.

24. பெட்ரோல், ஆயில் டப்பாக்களை இறக்கை இருக்கும் பையில் வைக்கவே கூடாது. ஒரு கசிவு போதும், துணியின் பூச்சு பாழாகிவிடும்.

தூரமும் வழியும்

25. கணக்கைத் தரையிலேயே போட்டுவிடுங்கள். டேங்கில் 15 லிட்டர், மணிக்கு 4 லிட்டர் செலவு, 2 லிட்டர் தொடாத இருப்பு என்று வையுங்கள். கையில் இருப்பது மூன்றேகால் மணி நேரம். காற்றில்லாமல் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 162 கிலோமீட்டர் போகலாம். பின்காற்று 15 கிலோமீட்டர் என்றால் 211. அதே காற்று எதிர்த்தால் 114. ஒரே டேங்க், ஒரே இறக்கை. காற்றின் திசையால் மட்டும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வித்தியாசம்.

26. பின்காற்று எந்த உயரத்தில் வீசுகிறது என்று தேடிப் பறக்கப் பழகுங்கள். நூறு மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் ஜிபிஎஸ் காட்டும் தரை வேகம் மாறுகிறதா என்று பாருங்கள். வேகம் கிடைத்த உயரத்திலேயே தங்கிவிடுங்கள்.

27. ஒவ்வொரு பறப்புக்கும் எத்தனை மணி, எத்தனை லிட்டர், எவ்வளவு சுமை என்று நோட்டில் எழுதி வையுங்கள். உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐ நடத்தும் பாராமோட்டார் போட்டிகளில், அளந்து கொடுத்த எரிபொருளில் அதிகத் தூரமோ அதிக நேரமோ பறக்க வேண்டிய சுற்றுகள் உண்டு. நீங்களும் மூன்று லிட்டர் மட்டும் ஊற்றி அதைச் செய்து பாருங்கள். விரல் திராட்டிலில் எவ்வளவு வீணாக்குகிறது என்பது அப்போது புரியும்.

28. எஞ்சின் இந்த நொடி நின்றால் எங்கே இறங்குவேன் என்ற கேள்விக்கு எப்போதும் பதில் இருக்கட்டும். உத்தேசமாக 300 மீட்டர் உயரத்திலிருந்து, காற்றில்லாதபோது, 1,800 மீட்டர் தூரம் மிதந்து போகலாம் என்று வையுங்கள். எதிர்காற்றில் இது வெகுவாகச் சுருங்கும். காட்டையோ பள்ளத்தாக்கையோ கடக்கும் முன் உயரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

29. ஆளில்லாத பிரதேசத்தில் சாலையையொட்டிப் பறப்பது நேர்வழியைவிட நல்லது. கொஞ்சம் சுற்று என்றாலும், இறங்க நேர்ந்தால் தண்ணீரும் வண்டியும் கிடைக்கும். சிறு ஊரின் எல்லையில் பங்க் தெரிந்தால் அதன் முற்றத்தில் இறங்கப் பார்க்காதீர்கள். அங்கே கம்பங்களும் ஒயர்களும் இருக்கும். அரைக் கிலோமீட்டர் தள்ளி, திறந்த நிலத்தில் இறங்கி, டப்பாவோடு நடந்து போங்கள்.

30. மின்கம்பிகள் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. கம்பங்களைத் தேடுங்கள், கம்பம் இருந்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். சாலையையும் ஆற்றையும் கடக்கும் இடங்களில் எப்போதும் சந்தேகப்படுங்கள். கம்பி வரிசையைக் கம்பத்துக்கு நேர் மேலே கடப்பது பாதுகாப்பு.

31. நீரின் மேல் தாழப் பறக்காதீர்கள். முப்பது கிலோ எஞ்சின் முதுகில் கட்டியிருக்க, இறக்கையின் நூல்கள் சுற்றிக்கொள்ள, நீச்சல் தெரிந்தவரும் மூழ்கிவிடுவார். ஏரியைக் கடந்தே தீர வேண்டுமென்றால், கரைக்கு மிதந்து போகும் அளவு உயரமும், தண்ணீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும் மிதவையும் வேண்டும்.

32. விதிகளை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பார்ட் 103 விதிப்படி வெற்று எடை 115 கிலோவுக்குள், எரிபொருள் 5 காலனுக்குள், அதாவது 18.9 லிட்டருக்குள் இருக்க வேண்டும். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான் பறக்கலாம். தகுந்த எச்சரிக்கை விளக்கு இருந்தால் முன்னும் பின்னும் அரை மணி கூடுதல். ஊரின் நெரிசலான பகுதிகளுக்கு மேல் கூடாது. பெரிய விமான நிலையங்களின் வான்பரப்புக்கு முன் அனுமதி வேண்டும். தேசியப் பூங்காக்களில் ஏறவோ இறங்கவோ தடை உண்டு. காகித வரைபடம் ஒன்றும் கையில் இருக்கட்டும். போன் பேட்டரி தீர்ந்தாலும் அது கைகொடுக்கும்.

காற்றும் வெயிலும்

33. சூரியன் உதித்த முதல் மூன்று மணி நேரமும், மறைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும்தான் உங்கள் நேரம். நடுப்பகலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று இறக்கையைத் தூக்கிப் போடும். பாலைவனத்தில் சுழன்றெழும் புழுதிச் சூறையில் மாட்டினால் இறக்கை தாங்காது. மதியத்தைத் தூக்கத்துக்கும் பழுதுபார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

34. மலையின் காற்றுப் படும் பக்கம் தூக்கும். மறுபக்கம் சுழன்று அமுக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் முகட்டைக் கடக்காதீர்கள். குறுகிய கணவாய்களில் காற்றின் வேகம் கூடும். புகை, குளத்துச் சிற்றலை, கொடி, பயிரின் சாய்வு ஆகியவற்றைப் பார்த்துக் காற்றைப் படிக்கத் தினமும் பழகுங்கள்.

35. இடிமேகம் 30 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதிலிருந்து பாயும் குளிர்காற்று உங்களை எட்டிவிடும். மேகம் கோபுரமாக வளர்வதைக் கண்டால், இறங்க நல்ல இடம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.

உடம்பும் உடன் பறப்பவர்களும்

36. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். அதோடு 50 கிலோமீட்டர் வேகக் காற்று வேறு. பருத்தி உள்ளாடை வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கம்பளி அல்லது செயற்கை இழை அணியுங்கள். விரல் மரத்தால் பிரேக்கும் திராட்டிலும் கட்டுப்படாது. அதனால் கையுறையில் கஞ்சத்தனம் வேண்டாம். காதுக்குப் பாதுகாப்பு உள்ள ஹெல்மெட் கட்டாயம்.

37. தண்ணீர்ப் பையின் குழாயைத் தோளில் பொருத்திவிட்டால் பிரேக்கை விடாமலே குடிக்கலாம். வழியில் சிறுநீர் வருமே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். வறண்ட உடம்பு முதலில் இழப்பது நிதானத்தை. பேரீச்சை, வேர்க்கடலை, முந்திரி போன்றவற்றைக் கழுத்துக்கருகே உள்ள ஜிப் பையில் வையுங்கள். போன், கையுறை, பாட்டில் என எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். கைநழுவும் எதுவும் நேராகப் பின்னால் சுழலும் புரொப்பெல்லருக்குள்தான் போகும்.

38. கூட்டமாகப் பறக்கும்போது தூரம் விடுங்கள். 2021 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் இரண்டு பாராமோட்டார்கள் நடுவானில் மோதி ஒருவர் உயிரிழந்தார், மற்றவர் படுகாயமடைந்தார். திரும்பும் முன் அந்தப் பக்கமும், மேலும் கீழும், கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். தாழ்ந்த வெயில் கண்ணில் அடிக்கும் காலையிலும் மாலையிலும் எதிரே வருபவர் உங்களைப் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

39. போன் சிக்னல் இல்லாத இடத்திலும் இருப்பிடம் அனுப்பும் செயற்கைக்கோள் கருவி ஒன்றை உடம்பிலேயே கட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் கூண்டில் மாட்டினால் விழுந்தபின் கை எட்டாமல் போகலாம். எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைப்பது என்று வீட்டில் இருப்பவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். யாருடைய வயலில் இறங்கினாலும் முதலில் வீட்டைத் தேடிப் போய் வணக்கம் சொல்லி அனுமதி கேளுங்கள். பயிரையும் மாடுகளையும் கலைக்காத விருந்தாளிக்கு எங்கும் தண்ணீர் கிடைக்கும். பல இடங்களில் படுக்க இடமும் கிடைக்கும்.

40. பந்தயத்துக்கு இரண்டு மாதம் முன், அதே சுமை, அதே கூடாரம், அதே கருவிப்பையோடு மூன்று நாள் ஒத்திகை போங்கள். திரும்பி வந்ததும், பயன்படாத பொருள்களை எடுத்துவிட்டு, தேவைப்பட்டும் இல்லாமல்போனதைச் சேருங்கள். பிறகு ஒரு அட்டையில் உங்கள் எல்லைகளை எழுதுங்கள்: தரையில் எவ்வளவு காற்று வரை ஏறுவேன், எத்தனை லிட்டர் மிச்சத்தில் இறங்குவேன், எத்தனை மணி தூக்கம் இல்லாவிட்டால் பறக்க மாட்டேன். அதைத் திராட்டில் கையின் பக்கம் ஒட்டிவிடுங்கள். முன்னால் போகிறவரைத் துரத்தும் ஆசை வரும்போது அட்டை சொல்வதையே கேளுங்கள். நாளைய காலையும் பறக்கும் நேரம்தான்.